பள்ளி மதிய உணவுச் சேவை: விலை ஏறிய பிறகு ஒரு மதிப்புரை

பள்ளிகள் தங்கள் சமையற்கூடத்தை மூடிவிட்டு வெளி ஒப்பந்ததாரர் ஒருவரிடம் மதிய உணவை ஒப்படைப்பதும், பெற்றோர் செயலி வழியாக முன்பணம் கட்டிப் பிள்ளையின் கணக்கில் இருப்பு வைத்திருப்பதும் இன்று பல நாடுகளில் வழக்கமாகிவிட்டன. என் இரண்டு பிள்ளைகளும் அப்படிப்பட்ட ஒரு சேவையில்தான் மதியம் சாப்பிடுகிறார்கள். பெற்றோர் உணவுக் குழுவில் நானும் இருப்பதால், தட்டுக்கு வரும் உணவோடு அதன் வரவு செலவுத் தாள்களையும் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. இந்தக் கல்வியாண்டில் கட்டணம் மறுபடியும் உயர்த்தப்பட்டிருக்கிறது. அதனால் சேவை எப்படி இருக்கிறது என்பதையும், ஏறிய செலவை யார் ஏற்பது முறை என்பதையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன். இரண்டாவது கேள்வியை ஒதுக்கிவிட்டு முதல் கேள்விக்கு மட்டும் நட்சத்திரம் போடுவதில் பொருளில்லை என்பது என் எண்ணம். நிறுவனத்தின் பெயரை நான் குறிப்பிடவில்லை. நான் சொல்லப்போகும் குறைகளில் பெரும்பாலானவை இந்த வகைச் சேவை முழுவதற்கும் பொருந்துபவை. ஒரு பெயரைச் சொன்னால் வாசகர்கள் அந்தப் பெயரோடு நின்றுவிடக்கூடும்.

உணவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை, அதுவே ஒரு பாராட்டுதான். தானியம், காய், புரதம், பழம் ஆகியவை வாராந்தரச் சுழற்சியில் ஒழுங்காக வருகின்றன. சூடு ஆறாமல் வந்து சேர்கின்றன. உப்பும் எண்ணெயும் அளவோடு இருக்கின்றன. ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்குத் தனித் தட்டு, தனி நிற மூடி என்ற ஏற்பாடு கவனமாகவே நடக்கிறது. குறை என்றால் அளவுதான். ஆறு வயதுப் பிள்ளைக்கும் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கும் ஒரே கரண்டியால் பரிமாறுகிறார்கள். இந்தியாவின் அரசுப் பள்ளி உணவுத் திட்டத்தில் தொடக்க வகுப்புகளுக்கு 450 கலோரியும் 12 கிராம் புரதமும், அடுத்த நிலை வகுப்புகளுக்கு 700 கலோரியும் 20 கிராம் புரதமும் என்று வயதுக்கேற்ப வகுத்திருக்கிறார்கள். அதுபோன்ற எழுத்து வடிவிலான அளவுகோல் எதுவும் எங்கள் ஒப்பந்தத்தில் இல்லை. அது இல்லாததன் விளைவைச் சென்ற ஆண்டு கண்டோம். கட்டணத்தை உயர்த்தாமலேயே ஒரு பருவம் ஓடியபோது பழத்துண்டுகள் சிறுத்தன, புரதம் வரும் நாட்கள் குறைந்தன. விலையேற்றத்தில் ஒரு பகுதி அறிவிப்பே இல்லாமல் கரண்டி வழியாக வந்துவிட்டது என்பதைக் குழுவில் சிலர்தான் கவனித்தோம்.

செயலியும் முன்பணக் கணக்கும் பெற்றோருக்கு வசதியானவை என்பதை மறுக்க முடியாது. மறுநாள் பட்டியலை முதல்நாள் மாலையே பார்க்கலாம், விடுப்பு எடுக்கும் நாளுக்கு உணவை நிறுத்திவைக்கலாம், மாத இறுதியில் கணக்கைத் தரவிறக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு முறை பணம் ஏற்றும்போதும் சேவைக் கட்டணம் என்று ஒரு சிறு தொகையைப் பிடித்துக்கொள்வதுதான் உறுத்துகிறது. அந்தத் தொகை ஏற்றும் பணத்தின் அளவைப் பார்ப்பதில்லை. மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாகக் கட்ட முடிந்த வீட்டுக்கு அது ஒருமுறைதான் விழுகிறது. கையில் காசு சேரச் சேர வாரத்துக்கு ஒருமுறை கட்டும் வீட்டுக்கு நான்குமுறை விழுகிறது. ஆக, ஒரே சாப்பாட்டுக்குக் குறைந்த வருமானக் குடும்பம் கூடுதல் விலை தருகிறது. திட்டமிட்டு யாரும் இப்படி வடிவமைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் வடிவமைப்பு அதைத்தான் செய்கிறது.

இருப்புத் தீர்ந்துபோனால் நடப்பது இதைவிடக் கவலைக்குரியது. வரிசையில் நிற்கும் பிள்ளை அட்டையை வைத்ததும் கருவியில் சிவப்பு விளக்கு எரியும். பரிமாறுபவர் வழக்கமான தட்டுக்குப் பதிலாக ஆறிப்போன ஒரு மாற்றுப் பொட்டலத்தைக் கொடுப்பார். பிள்ளை பட்டினி கிடக்கக் கூடாது என்ற எண்ணத்தில் செய்த ஏற்பாடு அது என்று நிர்வாகம் விளக்கியது. ஆனால் பின்னால் நிற்கும் வகுப்புத் தோழர்கள் அனைவரும் அந்தப் பொட்டலத்தைப் பார்க்கிறார்கள் என்பதற்கு நிர்வாகத்திடம் பதில் இல்லை. அமெரிக்காவில் இந்தச் சிக்கல் பெரிய விவாதமாகி, பள்ளிகள் நிலுவைக் கணக்குகளை எப்படிக் கையாளும் என்பதை எழுத்துவடிவக் கொள்கையாக 2017 ஜூலைக்குள் வகுக்க வேண்டும் என்று ஒன்றிய அரசு கேட்கும் நிலை வந்தது. அதே ஆண்டு நியூ மெக்சிகோ மாநிலம், கடன் வைத்த வீட்டுப் பிள்ளையின் கையில் முத்திரை குத்துவதையும், அதற்காக வேலை வாங்குவதையும், பரிமாறிய தட்டைப் பிடுங்கிக் குப்பையில் கொட்டுவதையும் சட்டம் போட்டுத் தடுத்தது. தடுப்பதற்குச் சட்டமே தேவைப்பட்டது என்பதிலிருந்து அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்று புரிந்துகொள்ளலாம். எங்கள் சேவையில் அந்த அளவுக்குக் கொடுமை இல்லை. ஆயினும் பெற்றோருக்கும் நிர்வாகத்துக்கும் இடையிலான பணக்கணக்கு, சாப்பாட்டு வரிசையில் பிள்ளையின் முகத்துக்கு நேரே தீர்க்கப்படுகிறது என்ற அடிப்படைத் தவறு இங்கும் இருக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே கட்டணப் பகுதிக்கு நான் போடும் மதிப்பெண் கணிசமாகக் குறைகிறது.

இனி விலையேற்றத்துக்கு வருவோம். புதிய கட்டணத்தை அறிவித்த கடிதம் மிகச் சுருக்கமானது: மூலப்பொருள்களின் விலை உயர்ந்துவிட்டதால் தவிர்க்க முடியாத உயர்வு என்று ஒரே வரியில் காரணம் சொல்லி முடித்திருந்தார்கள். அந்த வரி பொய்யன்று, ஆனால் பாதி உண்மை. ஐக்கிய நாடுகள் சபையின் உணவு வேளாண்மை அமைப்பு வெளியிடும் உலக உணவு விலைக் குறியீடு 2022 மார்ச்சில் அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. உக்ரைன் போர் தொடங்கித் தானியத்துக்கும் சமையல் எண்ணெய்க்கும் தட்டுப்பாடு ஏற்பட்ட நேரம் அது. பின்னர் அந்தக் குறியீடு உச்சத்திலிருந்து இறங்கியது. எங்கள் கட்டணம் இறங்கவில்லை. காரணம் கேட்டபோதுதான் தட்டின் விலையில் மூலப்பொருளின் பங்கு நாங்கள் நினைத்ததைவிடக் குறைவு என்று தெரிந்தது. சமைப்பவர்கள், பரிமாறுபவர்கள், கழுவுபவர்கள் ஆகியோரின் ஊதியம், எரிபொருள், வண்டி வாடகை, கருவிகளின் தேய்மானம், காப்பீடு, மேற்பார்வை, ஒப்பந்ததாரரின் லாபம் ஆகிய அனைத்தும் அதே கட்டணத்துக்குள் அடங்கியிருந்தன. இது எங்கள் பள்ளியின் தனிக்கதையும் அன்று. அமெரிக்க வேளாண்மைத் துறை 2014-15 கல்வியாண்டைக் கொண்டு செய்வித்த விரிவான செலவு ஆய்வில், பள்ளி உணவுச் செலவில் உணவுப்பொருளும் ஊதியமும் தலா ஏறத்தாழ 45 சதவீதமாக இருந்தன. அரிசி, கோதுமை விலையைக் காட்டி உயர்த்திய கட்டணம், அவை மலிந்த பிறகும் ஏன் இறங்குவதில்லை என்பதற்கு இதில் ஓரளவு விடை இருக்கிறது. ஊதியத்தை இறக்கச் சொல்லி எவரும் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது.

மாறாத செலவுகள் இவ்வளவு பெரிதாக இருக்கும்போது, தட்டுக்கு இவ்வளவு என்று பெற்றோரிடம் வசூலிக்கும் முறை தனக்குத்தானே குழி பறித்துக்கொள்கிறது. ஒரு பள்ளியில் 400 பிள்ளைகள் சாப்பிடுவதாக வைத்துக்கொள்வோம். சமையற்கூடம், ஊழியர்கள், வண்டி எல்லாம் அந்த 400 தட்டுகளுக்கும் பொது. கட்டணம் ஏறியதும் 100 பேர் விலகி வீட்டிலிருந்து டப்பா கொண்டுவரத் தொடங்கினால், மிச்சமுள்ள ஒவ்வொரு தட்டின் மீதும் விழும் நிலைச்செலவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். அந்தச் சுமையைச் சரிக்கட்டக் கட்டணத்தை மறுபடி ஏற்றினால் இன்னும் சிலர் விலகுவார்கள். கடைசியில் எஞ்சுபவர்கள் இரண்டு வகையினர்: விலையைப் பொருட்படுத்தத் தேவையில்லாத வீட்டுப் பிள்ளைகள் ஒரு புறம், காலையில் டப்பா கட்டித்தர வீட்டில் யாருக்கும் நேரம் இல்லாத பிள்ளைகள் மறுபுறம். இரண்டாவது வகையினருக்கு ஒவ்வொரு உயர்வும் நேராக வீட்டுச் செலவில் விழுகிறது. எங்கள் பள்ளியிலும் ஒவ்வொரு கட்டண உயர்வுக்குப் பின்னும் சாப்பிடும் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்ததைக் குழுவின் பதிவேடு காட்டுகிறது; விலகியவர்களைத் திரும்பக் கொண்டுவர ஒப்பந்ததாரர் எடுத்த முயற்சி எதையும் நான் பார்க்கவில்லை. அவருக்கும் அதனால் நட்டம்தான் என்றாலும், குறைந்த தட்டுக்கு அதிக விலை என்ற கணக்கில் அவர் எப்படியோ ஓட்டிவிடுகிறார்.

கட்டணம் ஏறினால் ஒப்பந்ததாரரைக் கடிந்துகொள்வது எளிது. குழுக் கூட்டங்களில் நாங்களும் அதைத்தான் செய்தோம். விலையை முடக்குங்கள், இல்லாவிட்டால் குறைந்த விலைக்கு ஒப்பந்தப்புள்ளி தரும் வேறொருவரைப் பார்ப்போம் என்று சிலர் வாதிட்டார்கள். அந்த வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஜப்பானில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஹிரோஷிமாவைத் தலைமையிடமாகக் கொண்டு, பல மாநிலங்களில் பள்ளிகளுக்கும் மாணவர் விடுதிகளுக்கும் சமைத்துக் கொடுத்துவந்த ஒரு நிறுவனம் 2023 செப்டம்பரில் திடீரென நொடித்துப்போனது. ஏறத்தாழ 150 இடங்களில் உணவு தடைப்பட்டது. கோடை விடுமுறை முடிந்து திரும்பிய பிள்ளைகளுக்கு மதியம் தட்டு வரவில்லை. மூலப்பொருள் விலையும் ஊதியமும் ஏறிக்கொண்டே போக, பொது நிறுவனங்களோடு போட்ட ஒப்பந்தத் தொகை மட்டும் அதற்கு ஈடாக ஏறாதது அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. குறைந்த விலையைக் கேட்டவருக்கே ஒப்பந்தம் என்ற நடைமுறை, விலைவாசி நிலையாக இருக்கும் காலத்தில் சிக்கனமாகத் தெரியும்; விலை ஏறும் காலத்தில் அது ஒப்பந்ததாரரை உணவின் தரத்திலோ ஊழியர் கூலியிலோ கைவைக்கத் தூண்டும், அல்லது ஒரு நாள் கதவைச் சாத்த வைக்கும். எனவே செலவு ஏறியிருக்கிறது என்பதையே மறுப்பது வீண். ஏறிய செலவை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதே பேச வேண்டிய விஷயம்.

ஜப்பான் இதைச் சட்டத்திலேயே பிரித்து வைத்திருக்கிறது என்பது அந்த நொடிப்புச் செய்தியோடு சேர்ந்து அதிகம் பேசப்படாத செய்தி. 1954ஆம் ஆண்டின் பள்ளி உணவுச் சட்டப்படி சமையற்கூடத்தின் கட்டுமானமும் கருவிகளும் ஊழியர் செலவும் பள்ளியை நடத்தும் அமைப்பின் பொறுப்பு. தட்டில் விழும் பொருள்களின் செலவைப் பெற்றோர் ஏற்கலாம். நடைமுறையில் பல நகராட்சிகள் பொருள் செலவையும் தாங்களே ஏற்று உணவை இலவசமாக்கிவிட்டன. மற்றவை விலை ஏறிய ஆண்டுகளில் பெற்றோர் கட்டணத்தை உயர்த்தாமல் வித்தியாசத்தைப் பொதுநிதியிலிருந்து கொடுத்தன. எனக்கு இந்தப் பிரிப்பு மிகவும் பிடித்திருக்கிறது, ஏனெனில் நான் மேலே சொன்ன சுழலை அது வேரிலேயே வெட்டுகிறது. நிலைச்செலவு பெற்றோரின் தட்டுக்கட்டணத்தில் இல்லாவிட்டால், 100 பிள்ளைகள் விலகினாலும் மிச்சமுள்ளவர்களின் கட்டணம் ஏறத் தேவையில்லை. எங்கள் பள்ளியோ சமையற்கூடத்துக்குப் புதிய அடுப்பு வாங்கிய செலவைக்கூடத் தட்டுக்கணக்கில் ஏற்றியிருக்கிறது. வகுப்பறைக்குக் கரும்பலகை வாங்கினால் அதை எழுத வந்த பிள்ளைகளிடம் நாள்கணக்கில் வசூலிப்போமா?

வருமானத்தைப் பார்த்துச் சலுகை கொடுப்போம், வசதி உள்ளவர்கள் முழு விலை கொடுக்கட்டும் என்ற யோசனை எல்லாக் கூட்டங்களிலும் எழுகிறது. கேட்பதற்கும் நியாயமாக இருக்கிறது. அமெரிக்கா 1946ஆம் ஆண்டின் தேசியப் பள்ளி உணவுச் சட்டத்திலிருந்து வளர்த்தெடுத்த ஏற்பாடு இதுதான். வறுமைக்கோட்டு வருமானத்தில் 130 சதவீதம் வரை உள்ள குடும்பத்துக்கு இலவசம், 185 சதவீதம் வரை சலுகை விலை, அதற்கு மேல் முழு விலை. இந்த ஏற்பாட்டின் ஊனம் அதன் விளிம்பில் தெரிகிறது. எல்லைக்கோட்டுக்குச் சற்று மேலே சம்பாதிக்கும் குடும்பம், கூடுதல் வேலை செய்து பெற்ற சிறு உயர்வுக்காகப் பிள்ளையின் சாப்பாட்டுச் சலுகையை இழக்கிறது. படிவம் நிரப்பத் தெரியாதவர்கள், நிரப்பக் கூசுபவர்கள், வருமானச் சான்று மாதந்தோறும் மாறும் கூலி வேலைக்காரர்கள் ஆகியோர் தகுதி இருந்தும் வெளியே நிற்கிறார்கள். இங்கிலாந்தில் 2018இல் இலவச உணவுக்கான வருமான வரம்பாக ஆண்டுக்கு 7,400 பவுண்டு என்று வகுத்தார்கள். விலைவாசி ஏறிக்கொண்டே போன ஆண்டுகளிலும் அந்த எண் அசையவில்லை. வரம்பை உயர்த்தாமல் விட்டால் எவரும் சட்டத்தைத் திருத்தாமலேயே ஆண்டுக்காண்டு தகுதியுள்ளோர் சுருங்கிவிடுவார்கள். சிறு பிள்ளைகளுக்கு மட்டும் 2014 செப்டம்பர் முதல் வருமானம் பார்க்காமல் உணவு கொடுக்கிறார்கள் என்பதால், ஒரே வீட்டில் இளையவருக்கு இலவசமாகவும் மூத்தவருக்கு விலைக்கும் தட்டு வருகிற நிலை அங்கே உண்டு.

பிரான்சின் வழி இடையில் நிற்கிறது. அங்கே பல நகராட்சிகள் குடும்ப வருமானத்தையும் உறுப்பினர் எண்ணிக்கையையும் கொண்டு கட்டணத்தைப் படிப்படியாக வகுக்கின்றன. ஒரே கோட்டில் இலவசமும் முழு விலையும் மோதுவதில்லை என்பதால் விளிம்புச் சிக்கல் குறைகிறது. உணவகம் உள்ள தொடக்கப் பள்ளியில் இடமில்லை என்றோ பெற்றோர் வேலைக்குப் போகவில்லை என்றோ எந்தப் பிள்ளையையும் விலக்கக் கூடாது என்று 2017 முதல் சட்டமும் இருக்கிறது. இலவசம் கொடுக்க வழியில்லை என்று சொல்லும் நிர்வாகங்கள் குறைந்தது இதையாவது செய்யலாம். ஆனால் இதற்கும் நல்ல நிர்வாகம் வேண்டும். வருமான விவரம் பள்ளி வரிசைக்கு வெளியே, நகராட்சி அலுவலகத்தோடு முடிந்துவிட வேண்டும். எங்கள் ஒப்பந்ததாரர் சலுகை பெறும் பிள்ளைகளின் பட்டியலைப் பரிமாறும் மேசையருகே ஒட்டிவைத்திருந்தார் என்பதையும், குழு கேட்டுக்கொண்ட பிறகே அதை எடுத்தார் என்பதையும் இங்கு பதிவு செய்கிறேன்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் வேறுபாடின்றிப் பொதுநிதியிலிருந்து உணவு என்பதைப் பின்லாந்து 1943இல் சட்டமாக்கி, நகராட்சிகளுக்கு ஐந்தாண்டு அவகாசம் தந்து, 1948 முதல் நடைமுறைப்படுத்தியது. போரில் நொறுங்கிப் பணமின்றி இருந்த காலத்தில் எடுத்த முடிவு அது. வசதி வந்த பிறகு செய்துகொள்ளலாம் என்று சொல்பவர்கள் இந்த ஆண்டுகளைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அமெரிக்காவும் பெருந்தொற்றுக் காலத்தில் படிவங்களைத் தள்ளிவைத்து அனைவருக்கும் இலவச உணவு கொடுத்தது. 2022 ஜூனில் அந்தத் தளர்வு முடிந்ததும் பல மாநிலங்களில் பழைய கட்டணமும் நிலுவையும் திரும்பின. கலிபோர்னியாவும் மெய்னும் தம் சொந்தச் செலவில் தொடர்ந்தன.

பணக்காரன் பிள்ளைக்கு ஏன் ஊர்ப் பணத்தில் சாப்பாடு என்ற கேள்வியைத் தென்கொரியாவின் சியோல் நகரம் வாக்கெடுப்புக்கே கொண்டுபோனது. அனைவருக்கும் இலவச உணவு என்பதை எதிர்த்த அந்நகர மேயர் ஓ சே-ஹூன், வருமானம் பார்த்துக் கொடுப்பதா எல்லோருக்கும் கொடுப்பதா என்று 2011 ஆகஸ்ட் 24 அன்று மக்களிடம் கேட்டார். வாக்குகளை எண்ணுவதற்கு மூன்றில் ஒரு பங்கு வாக்காளர்கள் வந்திருக்க வேண்டும், வந்தவர்கள் 25.7 சதவீதம்தான். பெட்டிகள் திறக்கப்படவே இல்லை, மேயர் பதவி விலகினார். எதிர்த்தரப்பு வாக்கெடுப்பைப் புறக்கணிக்கச் சொல்லியிருந்தது என்பதால் இதை மக்கள் தீர்ப்பு என்று நான் பெரிதுபடுத்த மாட்டேன். ஆனாலும் ஒரு தட்டுச் சோற்றின் விலைக்காக ஒரு தலைநகரத்தின் ஆட்சி மாறியது என்பதிலிருந்து, இது சமையற்கூடத்துக்குள் முடிந்துவிடும் விவகாரம் அன்று என்பது தெளிவு.

பணக்காரன் பிள்ளை என்ற அந்தக் கேள்விக்கு என் விடை எளியது. அதே பிள்ளை அதே பள்ளியில் கட்டணமில்லாத வகுப்பறையில் உட்காருகிறது, நூலகத்தில் புத்தகம் எடுக்கிறது. அங்கே எவரும் வருமானச் சான்று கேட்பதில்லை. வசதி உள்ளவர்களிடம் கூடுதலாக வாங்க வேண்டுமென்றால் அதற்கு வரி என்ற வழி இருக்கிறது. அதைச் சாப்பாட்டு வரிசையில் வைத்து வாங்க வேண்டியதில்லை. பலன் தருமா என்று கேட்பவர்களுக்குச் சுவீடனில் ஒரு விரிவான ஆய்வு இருக்கிறது. அந்நாட்டு நகராட்சிகள் 1959 முதல் 1969 வரை வெவ்வேறு ஆண்டுகளில் சத்தான இலவச உணவைத் தொடங்கியதைப் பயன்படுத்தி, அதைத் தொடக்கப் பள்ளிக் காலம் முழுவதும் பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட்டார்கள். பெற்றவர்களின் வாழ்நாள் வருமானம் ஏறத்தாழ 3 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகளிடம் அந்தப் பலன் மேலும் பெரிதாக இருந்தது. அவர்கள் பின்னாளில் கட்டிய வரியும் அதே பொதுநிதிக்குத்தான் வந்திருக்கும்.

பொதுநிதி என்று சொல்லிவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை; அங்கேயும் விலையேற்றத்தை யாரோ ஒருவர் தலையில் கட்டுவது நடக்கிறது. இங்கிலாந்தில் சிறு பிள்ளைகளின் உணவுக்கு அரசு பள்ளிகளுக்குக் கொடுத்த தொகை 2014இல் தட்டுக்கு 2.30 பவுண்டாகத் தொடங்கி ஐந்தாண்டுகளுக்கு மேல் அப்படியே நின்றது. வித்தியாசத்தைப் பள்ளிகள் தங்கள் மற்றச் செலவுகளிலிருந்து எடுத்துப் போட்டன. இந்தியாவில் சமைத்த உணவு பிள்ளைகளின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2001 நவம்பரில் ஆணையிட்டது; அந்தத் திட்டத்தின் செலவைப் பெரும்பாலான மாநிலங்களில் ஒன்றியமும் மாநிலமும் 60-க்கு 40 என்ற விகிதத்தில் பகிர்ந்துகொள்கின்றன. பெற்றோர் ஒரு காசும் தருவதில்லை. ஆனால் சமையல் உதவியாளர்களுக்கான மாத மதிப்பூதியமாக 2009இல் ஒன்றிய அளவில் வகுத்த 1,000 ரூபாய் ஆண்டுக்கணக்கில் அசையவில்லை; கூடுதலாகத் தரும் மனமும் நிதியும் உள்ள மாநிலங்கள் தாமாகச் சேர்த்துக் கொடுத்தன. விலைவாசி ஏறிய அத்தனை ஆண்டுகளிலும் அந்தப் பெண்கள் தங்கள் உழைப்பின் ஒரு பகுதியை இலவசமாகத் தந்தார்கள் என்றுதான் இதற்குப் பொருள். ஆகவே அரசு செலுத்தும் தொகை விலைக் குறியீட்டோடு கட்டப்பட்டிருக்கிறதா, ஊதியமும் அதோடு சேர்ந்து ஏறுகிறதா என்பதைக் கேட்காமல் இலவசம் என்ற சொல்லை மட்டும் பாராட்டக் கூடாது. உலக உணவுத் திட்டத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கை, உலகெங்கும் ஏறத்தாழ 46 கோடியே 60 லட்சம் பிள்ளைகள் பள்ளி உணவு பெறுகிறார்கள் என்கிறது. அதற்கான பணத்தில் மிகப் பெரும்பகுதி அந்தந்த நாடுகளின் சொந்த வரவு செலவுத் திட்டங்களிலிருந்தே வருகிறது. பணம் திரட்டுவது முடியாத காரியம் என்ற வாதம் இந்த எண்ணுக்கு முன்னால் நிற்காது.

எங்கள் சேவைக்குத் திரும்புகிறேன். பள்ளி முழுவதையும் ஒரே ஆண்டில் இலவச உணவுக்கு மாற்ற ஒரு பெற்றோர் குழுவால் முடியாது. ஆனால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும்போது செய்யக்கூடியவை உண்டு. நிலைச்செலவையும் பொருள் செலவையும் தனித்தனியே காட்டும் கணக்கை ஒப்பந்ததாரர் ஒவ்வொரு பருவமும் வெளியிட வேண்டும். அடுப்பும் பாத்திரமும் கட்டடமும் பள்ளியின் கணக்குக்குப் போக வேண்டும். கட்டண உயர்வு ஒரு வெளிப்படையான விலைக் குறியீட்டைப் பின்பற்ற வேண்டும், குறியீடு இறங்கினால் பொருள் செலவுப் பகுதி இறங்கவும் வேண்டும். வயதுக்கேற்ற அளவை எடையில் எழுதிவைத்தால் கரண்டி வழியாக வரும் விலையேற்றத்தைப் பிடித்துவிடலாம். பிரேசில் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தில் பள்ளி உணவுக்கான ஒன்றிய நிதியில் குறைந்தது 30 சதவீதத்தைச் சிறு விவசாயக் குடும்பங்களிடம் கொள்முதல் செய்யச் செலவிட வேண்டும் என்று வைத்ததுபோல, இடைத்தரகு குறையும் கொள்முதலை ஒரு நிபந்தனையாகச் சேர்க்கலாம். அது செலவைக் குறைக்குமா என்பது பருவத்தையும் தூரத்தையும் பொறுத்தது, எனவே இதில் நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. சிவப்பு விளக்கிலும் மாற்றுப் பொட்டலத்திலும் மட்டும் பிடிவாதம் உண்டு. இருப்பு இல்லாவிட்டாலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே தட்டு வர வேண்டும். நிலுவையை அலுவலகம் பெற்றோரிடம் மட்டும் பேச வேண்டும்.

உணவின் தரத்துக்கு நான் ஐந்தில் நான்கு கொடுக்கிறேன். அளவை ஒழுங்குபடுத்தினால் இன்னும் அரை கூட்டலாம். ஒவ்வாமைக் கவனத்துக்கு முழு மதிப்பெண். செயலிக்கு மூன்று, பணம் ஏற்றும் கட்டணத்தை நீக்கினால் நான்கு. செலவுக் கணக்கின் வெளிப்படைத்தன்மைக்கு ஒன்று. இருப்புத் தீர்ந்த பிள்ளையை நடத்தும் முறைக்கு மதிப்பெண் இல்லை. கட்டணத்தைத் தாங்க முடிந்தவர்கள் விலகாமல் தொடருமாறு கேட்டுக்கொள்கிறேன். விலகும் ஒவ்வொரு தட்டும் மிச்சமுள்ளவர்களின் விலையை ஏற்றுகிறது, அவர்களில் பலருக்கு விலகும் வழியில்லை. புதிய ஒப்பந்தத்தின் வரைவு பருவ இறுதிக் கூட்டத்தில் வைக்கப்படும். அதில் நிலைச்செலவு யார் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டு இந்த மதிப்பெண்களைத் திருத்துவேன்.